இலை ஓரத்தில் குட்டி போடும் செடி: அடையாளம் காண்பது, வளர்ப்பது, கட்டுக்குள் வைப்பது

இலையின் ஓரத்தில் வரிசையாகக் குட்டிச் செடிகள் முளைத்து, கை பட்டதும் உதிர்ந்து, விழுந்த இடத்தில் வேர்விடும் ஒரு சதைச்செடியின் படங்கள் கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருக்கின்றன. கூடவே மூன்று கேள்விகளும் வருகின்றன. இது ரணகள்ளியா? இதைத் தின்னலாமா? ஒரு சாடியில் வைத்தது வளவெல்லாம் பரவிவிட்டது, என்ன செய்வது? இந்த மூன்றுக்குமான பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: குட்டி இலையின் எந்தப் பகுதியில் முளைக்கிறது, இலை செடியில் நிற்கும்போது முளைக்கிறதா, விழுந்த பிறகு முளைக்கிறதா என்பதில்.

## பெயரில்தான் கள்ளி

ரணகள்ளி என்றதும் வேலியோரத்துச் சதுரக்கள்ளியும் கொம்புக்கள்ளியும் நினைவுக்கு வரும். அவை வேறு குடும்பம். தண்டைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும், பார்வையையும் பாதிக்கும். இலையோரத்தில் குட்டி போடும் செடிகளில் பால் கிடையாது. இலையைக் கிள்ளினால் நிறமற்ற நீர்ச்சாறு மட்டுமே கசியும். முதற் சோதனை இதுதான். சோதித்த கையைக் கழுவாமல் கண்ணில் வைக்கக் கூடாது.

பால் இல்லாத இந்தச் செடிகள் கிராசுலேசியே என்ற தாவரக் குடும்பத்தில், கலஞ்சோ என்ற சாதியைச் சேர்ந்தவை. கடைகளில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு, மஞ்சள் பூக்களோடு விற்கும் அழகுக் கலஞ்சோவும் இதே சாதிதான். ஆனால் அது இலையில் குட்டி போடாது. குட்டி போடுகிறவற்றை முன்பு பிரயோபிலம் என்று தனியாகப் பிரித்திருந்தார்கள். கிரேக்க மொழியில் அதற்கு முளைக்கும் இலை என்று பொருள். பாடசாலை விஞ்ஞானத்தில் பதியமுறை இனப்பெருக்கத்துக்கு உதாரணமாகப் படித்த பெயர் அது. இவற்றில் பெரும்பாலானவற்றின் தாயகம் மடகாஸ்கர் தீவு.

## நான்கு செடிகள், நான்கு இலைகள்

ஒரே பெயரில் கைமாறும் செடிகளைப் பிரித்தறிய இலையே போதும். 20 சென்ரிமீற்றருக்குக் குறைந்த இளஞ்செடிகளில் வித்தியாசம் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அந்த உயரத்தைத் தாண்டிய செடியில், நடுப்பகுதி இலைகளைப் பாருங்கள்.

1. ரணகள்ளி, அதாவது கலஞ்சோ பின்னாட்டா. கீழ் இலைகள் தனி இலைகள். செடி உயர உயர, மேல் இலைகள் 3 அல்லது 5 சிற்றிலைகள் கொண்ட கூட்டிலைகளாக மாறும். விளிம்பு கூரிய பற்களாக இல்லாமல் மழுங்கிய அலை அலையாக இருக்கும். பெரும்பாலும் அந்த விளிம்பில் செந்நிறம் ஓடும். இலை செடியில் நிற்கும்வரை குட்டி அநேகமாக வராது. ஒடிந்தோ உதிர்ந்தோ ஈரத்தில் கிடக்கும்போதுதான் விளிம்பின் பள்ளங்களில் குட்டி எழும். பூ கீழ்நோக்கித் தொங்கும். வெளியுறை காற்றடைத்த பைபோல உப்பியிருக்கும்.

2. அகன்ற இலைச் செடி, கலஞ்சோ டைகிரமொன்டியானா. ஆங்கிலத்தில் மதர் ஒஃப் தௌசண்ட்ஸ் என்ற பெயருக்கு உரியது இது. இலை 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளம், அடியில் அகன்று நுனியில் ஒடுங்கும். எதிரெதிர்ச் சோடியாக வரும். இலையைப் புரட்டினால் அடிப்புறத்தில் ஊதாப் பட்டைகளும் புள்ளிகளும் தெரியும். விளிம்பு இரம்பப் பற்களாக இருக்கும். இலை செடியில் நிற்கும்போதே விளிம்பு நெடுகக் குட்டிகள் தொங்கும்.

3. குழாய் இலைச் செடி, கலஞ்சோ டெலகோயென்சிஸ். மதர் ஒஃப் மில்லியன்ஸ் என்பது இது. இலை தட்டையாக இல்லாமல் பென்சிலைவிட மெலிந்த உருளையாக, சாம்பற் பச்சையில் கருந்திட்டுகளோடு இருக்கும். குட்டிகள் நுனியில் மட்டுமே வரும். அங்கேயுள்ள சில சிறு பற்களுக்கு இடையில் ஒரு கொத்தாக நிற்கும். தூரப் பார்வைக்குக் கொம்புக்கள்ளி போலத் தோன்றலாம். கொம்புக்கள்ளியின் பச்சைக் குச்சிகள் கிளைகள். இதன் குச்சிகளோ நேரான ஒற்றைத் தண்டைச் சுற்றி நிற்கும் இலைகள். டெலகோவா என்பது மொசாம்பிக்கில் இன்றைய மபுட்டோ நகரம் அமைந்த குடாவின் பழைய பெயர். பெயர் அங்கிருந்து வந்தாலும் செடியின் ஊர் மடகாஸ்கர்தான்.

4. கலப்பினம், கலஞ்சோ ஹௌட்டனி. இரண்டாவதையும் மூன்றாவதையும் கலப்புச் செய்து 1930களில் கலிபோர்னியாவில் ஆர்தர் ஹௌட்டன் உருவாக்கியது. முறையான தாவரப் பெயர் 2006இல்தான் கிடைத்தது. இலை ஒடுங்கி, நடு நரம்பில் மடிந்து, சிறு தோணியின் வடிவில் இருக்கும். திட்டுகள் உண்டு. குட்டிகள் விளிம்பு நெடுக வரும். அகன்ற இலைச் செடி என்று விற்கப்படுவதில் பல உண்மையில் இந்தக் கலப்பினமே. தாய் இரண்டையும்விட வீரியமாகப் பரவுவதும் இதுதான்.

இவற்றோடு கலஞ்சோ லேட்டிவைரன்ஸ் என்ற ஐந்தாவது ஒன்றும் கலந்து விற்கப்படுகிறது. இலை அகலமாக, அடியும் மேலும் ஒரே வெளிர்பச்சையாக இருக்கும். விளிம்பில் குட்டி நிறைய இருந்தும் அடிப்புறத்தில் ஊதா அறவே இல்லையென்றால் அது இதுவாக இருக்கும்.

அடையாளம் கேட்டுப் படம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் மேலிருந்து ஒரு படம் மட்டும் எடுக்கிறார்கள். அதில் எதுவும் தெரியாது. இலையின் அடிப்புறம், இலை நுனி, முழுச்செடியின் பக்கவாட்டுத் தோற்றம் ஆகிய மூன்றும் வேண்டும்.

பூவை வைத்து அறியலாம் என்று காத்திருப்பதும் பயன் தராது. அகன்ற இலைச் செடி பூப்பதற்கு நீண்ட பகல்களும் அதைத் தொடர்ந்து குறுகிய பகல்களும் வரவேண்டும். நம் கிழக்கிலங்கையில், மட்டக்களப்பில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை.

## குட்டி எங்கிருந்து வருகிறது

இலை முதிர்ந்ததும் அதன் கலங்கள் பிரிவதை நிறுத்திவிடும். இதுதான் தாவரங்களின் பொது வழக்கம். இந்தச் செடிகளில் பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ஒரு சிறு கலக்கூட்டம் மட்டும் பிரியும் திறனை வைத்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து முதலில் ஒரு சோடி இலை, பிறகு அடியில் நூல்போல வேர், பிறகு அடுத்த சோடி இலை என்று ஒரு முழுச்செடி உருவாகும். தாயிலையோடு இருக்கும் காம்பு மெலிந்துகொண்டே போகும். காற்று, மழைத்துளி, கோழியின் சிறகு, கடந்துபோகிறவரின் உடுப்பு என எது பட்டாலும் உதிரும். விழும்போதே வேர் தயாராக இருப்பதால் மண்ணைத் தோண்டிப் புதைக்க வேண்டியதும் இல்லை.

அகன்ற இலைச் செடியை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு இதன் உள்ளமைப்பைக் காட்டியது. சாதாரணமாக வித்துக்குள் முளையத்தை உருவாக்க வேலைசெய்யும் பரம்பரையலகு ஒன்று, இந்தச் செடியில் இலை விளிம்பில் இயங்குகிறது. அந்த அலகு சிதைந்த வடிவில் இருக்கிறது. வித்தை முதிர்வித்து உலரவைத்து உயிரோடு காக்கும் வேலையை அதனால் செய்ய முடிவதில்லை. ஆகவே அகன்ற இலைச் செடி பூத்தாலும் முளைக்கும் வித்துத் தருவதில்லை; பரவுவதெல்லாம் குட்டியால்தான். வளவில் நிற்கும் நூறு செடிகளும் ஒரே செடியின் நகல்கள்.

குழாய் இலைச் செடி அப்படியல்ல. அது குட்டியும் போடும், பூத்தால் தூசுபோன்ற வித்துகளையும் ஏராளமாக உதிர்க்கும். அந்த வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வளவிலிருந்து ஒன்றை அகற்றும்போது எத்தனை காலம் கண்காணிக்க வேண்டும் என்பதை இந்த வித்தியாசமே தீர்மானிக்கிறது. இலை வடிவத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கச் சொல்வதற்கும் அதுவே காரணம். கலப்பினத்தை என்ன செய்வது என்ற ஐயம் வந்தால், வித்துப் போடும் செடியாகவே அதை எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

## பகலில் மூடி இரவில் திறக்கும் இலை

இந்தச் செடிகள் கச்சான் காற்றிலும் காய்ந்து சாகாததற்குக் காரணம் அவற்றின் மூச்சுவிடும் நேரம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கும். அப்போது நீரும் ஆவியாகிப் போகும். இவை இரவில் திறக்கும், பகலில் மூடும். இரவில் எடுத்த காபனீரொட்சைட்டை மலிக்கமிலமாக்கிக் கலங்களின் புன்வெற்றிடத்தில், அதாவது கலத்துக்குள் இருக்கும் நீர்ப்பையில், சேமித்து, பகல் வெளிச்சத்தில் அதை எடுத்து உணவாக்கும்.

இதன் முதற் குறிப்புகளில் ஒன்று நம் கடலுக்கு அக்கரையிலிருந்து வந்தது. தரங்கம்பாடிக்கு மறைப்பணிக்காக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதைக் கவனித்து எழுதினார். அந்தக் கடிதம் 1815இல் இலண்டனில் அச்சானது. அவர் நாக்கால் கண்டது அந்த இரவு அமிலத்தைத்தான். இன்று யாரும் அந்தச் சோதனையைச் செய்து பார்க்கக் கூடாது; காரணம் பின்னால் வருகிறது.

வளர்ப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம்: இலையிலேயே நீர் இருப்பு உண்டு, பகலில் செலவும் மிகக் குறைவு. தண்ணீர் குறைந்து இது சாவதைவிட, கூடிச் சாவதே அதிகம்.

## சாடியில் வளர்க்கும் முறை

வளர்க்க விரும்பினால் சாடியில் மட்டும் வளர்க்க வேண்டும். நிலத்தில் நடுவது எந்த வளவிலும் வேண்டாம்.

1. சாடி. 12 முதல் 15 சென்ரிமீற்றர் வாயுள்ள மண்சாடி ஒரு செடிக்குப் போதும். அடியில் துளை கட்டாயம். பிளாஸ்ரிக் சாடி என்றால் துளைகளை மூன்று நான்காகக் கூட்டுங்கள்.

2. மண். கழுவிய பரும்படி ஆற்று மணல் 2 பங்கு, செங்கல் உடைசல் அல்லது சிறு சல்லி 1 பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு 1 பங்கு. கல்லடி முதல் பொத்துவில் வரை மணலுக்குப் பஞ்சமில்லை என்பதால் கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடுவோர் உண்டு. அதில் உப்பு இருக்கிறது. மணி நுண்ணியதாக இருந்தால் நனைந்ததும் இறுகவும் செய்யும். தும்புச்சோறு மட்டும் போட்டு நிரப்புவதும் பிழை. அது நீரைப் பிடித்து வைக்கும், மாரியில் வேர் அழுகிவிடும்.

3. குட்டி தெரிவு. இரண்டு சோடி இலையும் கண்ணுக்குத் தெரியும் வேரும் உள்ள குட்டியை எடுங்கள். மண்ணின் மேற்பரப்பில் வைத்து விரலால் மெல்ல அழுத்தினால் போதும், புதைத்தால் அழுகும். இடைவெளி 3 சென்ரிமீற்றர். ரணகள்ளி என்றால் முழு இலையை ஈர மணலின் மேல் கிடத்துங்கள். ஓரிரு வாரத்தில் பள்ளங்களில் குட்டி எழும்.

4. முதல் இரண்டு வாரம். நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, மேல்மண் மட்டும் ஈரமாகும் அளவுக்கு நாளுக்கு ஒருமுறை தெளியுங்கள். வேர் பிடித்ததும் தெளிப்பதை நிறுத்துங்கள்.

5. அதன்பிறகு. விரலை 3 சென்ரிமீற்றர் இறக்கிப் பார்த்து, அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஊற்றினால் அடித்துளையால் வடியும்வரை ஊற்றுங்கள். அடியில் தட்டு வைத்து நீரைத் தேக்காதீர்கள். செடி 5 சென்ரிமீற்றர் ஆனதும் சாடிக்கு ஒன்றாகப் பிரித்து நடுங்கள்.

6. வெயில். காலை வெயில் 4 முதல் 5 மணி நேரம் சிறந்தது. மே முதல் செப்டெம்பர் வரை மத்தியான வெயிலிலிருந்து மறைவு வேண்டும். சீமெந்துத் தரையில் வைத்த சாடியின் மண் அந்த மாதங்களில் கொதித்து, வேரின் நுனியைக் கருக்கிவிடும்.

7. உரம். மண்ணில் கலந்த கூட்டெருவே ஓராண்டுக்குப் போதும். யூரியா போட்டால் தண்டு மெலிந்து நீண்டு சாயும்.

8. மாரி. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களில் கொட்டித் தீர்க்கும் நிலம் இது. ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் சாடியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். மழை ஓயும்வரை நீர் கிட்டத்தட்ட வேண்டியதில்லை.

பிழை வந்தால் செடியே சொல்லும். தண்டின் அடி கருத்து மென்மையானால் அது வேரழுகல். காப்பாற்ற முயலாமல், மேலே நல்ல பகுதியை வெட்டி இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டுப் புதிய மணலில் ஊன்றுங்கள். தண்டு நீண்டு, இலைக்கு இலை இடைவெளி கூடி, ஊதாத் திட்டுகள் மங்கினால் வெளிச்சம் போதவில்லை. இலை முழுவதும் சிவந்து சுருங்கினால் வெயிலும் வறட்சியும் கூடிவிட்டன. நிழல் தந்தால் பச்சை திரும்பும். கணுக்களில் வெள்ளைப் பஞ்சுபோல் தெரிவது வெண்மூட்டுப்பூச்சி. சிறிதளவு என்றால் மதுசாரத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போகும். வேரிலும் அது இருக்கலாம் என்பதால் சாடியிலிருந்து செடியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

பூத்த தண்டு பெரும்பாலும் அதன்பின் பட்டுப்போகும். அது நோயல்ல. ஆனால் குழாய் இலைச் செடியில் பூமொட்டைக் கண்டால் விரியுமுன் வெட்டிவிடுவதே சரி.

## சாடியைத் தாண்டும் வழிகள்

உயரமான ஒரு செடி தன் குட்டிகளைச் சுற்றியே உதிர்க்கும். அந்தச் சுற்று சீமெந்தாக இருந்தால் கூட்டி எடுக்கலாம். மணலாக இருந்தால் முடியாது. ஆகவே சாடியின் இடம்தான் கட்டுப்பாட்டின் முக்கால் பங்கு. சுற்றிலும் ஒரு மீற்றர் வெறுஞ்சீமெந்து உள்ள இடம் வேண்டும். பின்வரும் நான்கு இடங்களில் வைக்கக் கூடாது.

- மதிலின் மேல்: குட்டி பாதிப் பக்கம் தெருவில் விழும்.
- கூரைப்பீலிக்குக் கீழே: மழைநீர் அடித்து வாய்க்காலுக்குள் தள்ளும்.
- மாடியில், ஓட்டுக்கூரைக்கு அருகில்: ஓட்டு இடுக்கிலுள்ள தூசியிலும் இது வேர்விடும்.
- வேறு பூச்சாடிகளின் நடுவே: அந்தச் சாடிகள் அடுத்த வீட்டுக்குப் போகும்போது இதுவும் போகும்.

மாரி தொடங்குமுன், செப்டெம்பர் மாத இறுதியில், இலை ஒவ்வொன்றின் கீழும் ஒரு பேசினைப் பிடித்து விளிம்பை விரலால் வருடிக் குட்டிகளை உதிர்த்தெடுத்துவிடுங்கள். எடுத்த குட்டிகளைக் கொதிநீரில் சில நிமிடம் போட்டால் முடிந்தது. மழைக்கு முன் செய்த அரை மணி நேர வேலை மழைக்குப் பின் அரை ஆண்டு வேலையை மிச்சப்படுத்தும்.

வாய்க்காலும் மதகும் நிரம்பி வாவிக்கு ஓடும் ஊர் இது. குட்டி நீரில் மிதந்து போகும். ஓரத்து மணல் திட்டில் ஒதுங்கி வேர்விடும். தேங்கிய நீரில் இது நிற்காது, வயலையும் பிடிக்காது. இதற்குப் பிடித்தது காய்ந்த மணலும் பாறையிடுக்கும். திருக்கோவிலிலிருந்து பொத்துவில் வரையான கடலோர மணல்மேடு, படுவான்கரைக்கு மேற்கே பாறைகள் எழும் பற்றைக்காடு, அம்பாறையின் கல்மலைகள் எல்லாம் அத்தகைய இடங்கள்தான். மடகாஸ்கருக்கு வெளியே அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, தென்னாபிரிக்கா, வெனிசுவேலா போன்ற இடங்களில் இவை பிடித்ததும் அப்படிப்பட்ட வறண்ட நிலங்களையே. குயின்ஸ்லாந்தில் இவற்றை விற்பதும் சும்மா கொடுப்பதும் சட்டப்படி தடை. அழகுப் பூவென்று கொண்டுவரப்பட்ட நீர்த்தாவரம் ஒன்று வாவியையும் குளங்களையும் மூடியதை இந்த நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. ஆகாயத்தாமரையை ஒழிக்க இங்கே சட்டம் வந்தது 1909இல். இன்றும் அதை அள்ளிக்கொண்டுதான் இருக்கிறோம்.

## நஞ்சு: இதயத்தைத் தொடும் சாறு

இந்தச் செடிகளில் புஃபாடயீனோலைட்டு என்ற வகை நச்சுப்பொருட்கள் உள்ளன. இதயத் தசையின் கலங்களில் உப்புச் சமநிலையைக் குலைத்து, துடிப்பைத் தாறுமாறாக்குவது அவற்றின் வேலை. இதய நோய்க்குக் கொடுக்கும் டிகொக்சின் மாத்திரையும் இதே வழியில்தான் இயங்குகிறது. ஆகவே அந்த மாத்திரை எடுக்கும் ஒருவருக்கு இந்தச் சாறு இரட்டிப்பு ஆபத்து. நஞ்சு எல்லாப் பாகத்திலும் உண்டு. இலையைவிடப் பூவில் பல மடங்கு அதிகம்.

1997இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மோரி என்ற ஊருக்கு அருகே, மந்தைகளை ஓட்டிச்செல்லும் பொது நிலத்தில் குழாய் இலைச் செடியைத் தின்ற 125 மாடுகள் செத்தன. வழக்கமான மேய்ச்சலில் மாடு இதைப் பெரும்பாலும் தொடாது. பசியோடு புதிய இடத்துக்கு வந்த மந்தைதான் கிடைத்ததைக் கடிக்கும். பெரும்போக விதைப்புக்கு வயல் தயாராகும்போது மாடுகளை அப்புறப்படுத்தி வேறு மேய்ச்சல் தரைக்கு ஓட்டுவது மட்டக்களப்பு, அம்பாறைப் பண்ணையாளரின் ஆண்டு வழக்கம். வழியோரத்தில் வீசப்பட்ட ஒரு சாக்குச் செடி அந்த நேரத்தில் எதைச் செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

மாட்டிலும் ஆட்டிலும் அறிகுறிகள் இவை: தீன் எடுக்காமை, வாயில் நீர் வடிதல், கழிச்சல், சில வேளை இரத்தக் கழிச்சல், தளர்ந்த நடை, மூச்சுத் திணறல், ஒழுங்கற்ற இதயத்துடிப்பு. அப்போது செய்யவேண்டியவை:

1. விலங்கை ஓட்டாதீர்கள், துரத்தாதீர்கள். பலவீனமான இதயத்துக்கு அந்த ஓட்டமே முடிவாகலாம். நின்ற இடத்திலேயே நிழலும் நீரும் கொடுங்கள்.
2. மிச்சச் செடியை மற்ற விலங்குகளுக்கு எட்டாமல் அகற்றுங்கள்.
3. மிருக வைத்தியரை உடனே அழையுங்கள். செடியின் இலையோடு கூடிய துண்டு ஒன்றைக் காட்டுங்கள். நஞ்சை உறிஞ்சும் செயலூட்டிய கரி சிகிச்சையில் முதலிடம் பெறுகிறது. அதன் அளவை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். அடுப்புக்கரி அதற்கு மாற்றாகாது.

மனிதருக்கு வருவோம். ரணத்துக்கு இலையை வாட்டிக் கட்டுவது பழைய கைவைத்தியம். பெயரே அதிலிருந்து வந்ததுதான். அண்மைக் காலத்தில் சிறுநீரகக் கல்லுக்கு நாளுக்கு இத்தனை இலை என்று மென்று தின்னச் சொல்லும் செய்திகள் பரவுகின்றன. இதில் இரண்டு ஆபத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ரணகள்ளியிலும் இதே வகை நஞ்சு இருக்கிறது என்பது ஒன்று. செய்தியைப் படித்துவிட்டு வளவில் பறிப்பது ரணகள்ளியாக இல்லாமல் குழாய் இலையாகவோ கலப்பினமாகவோ இருக்கலாம் என்பது மற்றது. எந்த இலையையும் மெல்லவோ சாறெடுத்துக் குடிக்கவோ வேண்டாம். பிள்ளை தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், செடித் துண்டோடு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

## வளவிலிருந்து அகற்றுவது

பரவிய செடியைக் கண்டதும் கத்தியை எடுத்து வெட்டிச் சாய்ப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. அதுவே மிகப் பெரிய பிழை. ஒரே வெட்டில் நூறு குட்டி உதிரும். நொறுங்கிய இலைத் துண்டும் தண்டுத் துண்டும் வேர்விடும். புல்வெட்டும் இயந்திரம் இதைவிட மோசம். களைநாசினியும் மெழுகுப் பூச்சுள்ள இலையில் ஒட்டாமல் வழிந்துவிடும். ஒரு வீட்டு வளவுக்குக் கைவேலையே போதும்.

1. காற்று இல்லாத காலை நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். மழைக்கு அடுத்த நாளென்றால் வேர் முழுதாக வரும்.
2. பூத்த தண்டுகள் இருந்தால் முதலில் அவற்றின்மேல் பொலித்தீன் பையைக் கவிழ்த்து, பைக்குள்ளேயே ஒடித்தெடுங்கள்.
3. செடிக்குக் கீழே சாக்கை விரித்து, அடித்தண்டைப் பிடித்து மெல்ல இழுங்கள். கையுறை நல்லது, சாறு சிலருக்குத் தோலை அரிக்கும்.
4. பெரிய செடி போனதும் அந்த இடத்தின் மேல்மணலை 3 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு வழித்து, மணல் அரிக்கும் சல்லடையில் அரியுங்கள். குட்டிகள் சல்லடையில் தங்கும். வித்துப் போடும் வகையென்றால் அந்த மணலை வேறிடம் கொண்டுபோகாதீர்கள், கட்டட வேலைக்கும் கொடுக்காதீர்கள்.
5. எடுத்ததைக் கூட்டெருக் குழியில் போடக் கூடாது. அங்கே அது இன்னும் செழிக்கும். குப்பை வண்டிக்கும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. அம்பாறைப் பக்கம் திறந்த குப்பை மேடுகளை மாடு மட்டுமல்ல, யானையும் தேடி வருகிறது. கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, விலங்கு எட்டாத இடத்தில், சீமெந்துத் தரையில் கடும் வெயில் படும்படி வையுங்கள். இரண்டு மாதம்வரை எடுக்கலாம். உள்ளே எல்லாம் அழுகிக் கரைந்ததைக் கண்ணால் கண்ட பிறகே பையைக் காலிசெய்ய வேண்டும். அளவு அதிகமென்றால் காய்ந்த தென்னோலையை அடியிலும் மேலும் அடுக்கி எரிக்கலாம். பச்சையாகத் தனியே போட்டால் இது தீயை அணைத்துவிடும்.
6. வெறும் மணலாக விட்ட இடத்தில்தான் குட்டி மறுபடி ஏறும். அங்கே புல்லையோ கொடியையோ உடனே பிடிக்கவையுங்கள்.

கண்காணிப்பு அகன்ற இலைச் செடிக்கு ஒரு முழு மாரியும் ஒரு முழுக் கோடையும். வித்துப் போடும் குழாய் இலைச் செடிக்கும் கலப்பினத்துக்கும் குறைந்தது நான்கைந்து மாரி. முதல் மழை விழுந்து இரண்டு வாரத்தில் ஒருமுறை, பிறகு ஜனவரி இறுதிவரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை வளவைச் சுற்றிப் பாருங்கள். நகத்தளவு உயரத்தில் இரண்டு இலையோடு நிற்கும்போது இரு விரலால் பிடுங்கலாம்.